வட்டவளையில் மழை பூஜ்யம்

கொழும்பிலிருந்து மலை ஏறும் ரயிலில் என் பக்கத்து இருக்கையில் இருந்த சிங்கள அம்மாள், நாவலப்பிட்டி தாண்டியதும் என் மடியைக் காட்டி ஏதோ கேட்டார். எதிரே இருந்த பெரியவர் மொழிபெயர்த்தார்: "புள்ளைக்கு உடம்புக்கு முடியலயான்னு கேக்குறாங்க." கம்பளிச் சால்வையில் சுற்றி நான் மடியில் வைத்திருந்தது பிள்ளை இல்லை. துணைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் ஒரு பெட்டி. அதைச் சொன்னால் அடுத்த நிலையத்தில் என்னை இறக்கிவிடுவார்கள். "சளி" என்றேன். அம்மாள் தன் பையைத் துழாவி ஒரு துண்டு இஞ்சி எடுத்துக் கொடுத்தார்.

பெட்டிக்குப் பயந்து பயந்தே எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிடும் போலிருந்தது. போர்நிறுத்தம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம்தான். ஆனால் ரயிலில் ஏறி இறங்கிய துப்பாக்கிகளைப் பார்த்தால் அவை பத்திரிகை படிப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையின் மேல்மாடி. நான், கதிர், மதியத்துக்கு மேல் மட்டும் வரும் ஒரு கணக்கு அம்மா, அவ்வளவுதான். விண்வெளித் தொழிலில் இருக்கும் எங்களைப் போன்ற பொடிக் கம்பெனிகள் பக்கத்து நாட்டுக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து உருப்படியாக ஏதாவது செய்தால் மானியம் தருவதாக நம் அரசாங்கம் அறிவித்தது. நாங்கள் மனுப் போட்டோம், கிடைத்தும் விட்டது. முதல் பாதி வந்து, செலவாகி, தீர்ந்தும் போனது. மறுபாதி வேண்டுமென்றால் கருவியை வெளிநாட்டில் நட்டு, மூன்று நாள் விடாமல் தகவல் வரவைத்து, மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். அந்த நாட்களில் யாரும் கருவியைத் தொடக் கூடாது என்பதும் விதி.

கருவி எளிமையானது. ஒரு கம்பம், அதில் மழையை அளக்கும் தகர உருளை, மண் சாய்கிறதா என்று பார்க்கும் உணரி, சூரிய ஒளித் தகடு, என் மடியில் இருந்த பெட்டி. மணிக்கொரு முறை எல்லாவற்றையும் துணைக்கோளுக்குச் சொல்லும். அது கோயம்புத்தூரில் கதிரின் திரையில் வந்து விழும். மழை கூடி, மண்ணும் அசையத் தொடங்கினால் கீழே இருப்பவர்களை வெளியே வரச் சொல்லலாம். மலையகத்தில் மண்சரிவு ஒன்றும் புதிதில்லை.

ஹற்றனில் இறங்கியபோது மழை. எங்கள் ஊரில் மழை வரும், போகும். இங்கே அது குடியிருந்தது. ரயில்நிலைய வாசலில் ஒரு வேனை ஒட்டி, குடைக்கடியில் ஒல்லியாக ஒருவர் நின்றார். மின்னஞ்சலில் மட்டும் பழகியிருந்த என் பங்காளி சிவநேசன்.

"வாங்கோ மிஸ் சுமதி. பெட்டியை இஞ்ச தாங்கோ. ஒண்டும் கதைக்காமல் வாங்கோ, வானில ஏறின பிறகு கதைப்பம்."

யாழ்ப்பாணத்தில் பௌதிக ஆசிரியராக இருந்தவர். ஹற்றன் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைக்கு மேல் பட்டறை வைத்து, கோயில்களுக்குச் சூரிய விளக்கு போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் திட்டத்தின் 'வெளிநாட்டுக் கம்பெனி' அவர் ஒருவரேதான். வேனில் ஏறியதும் அவர் முதலில் சொன்னது நலம் விசாரிப்பு அல்ல.

"நான் யாழ்ப்பாணத்து ஆள். இஞ்ச ஏன் இருக்கிறாய் எண்டு ஒவ்வொரு மாசமும் பொலிசில கேப்பாங்கள். இந்தத் திட்டத்தைத்தான் காரணமாச் சொல்லி இருக்கிறன். திட்டம் நிண்டால் நானும் வெளிக்கிட வேணும். ஊருக்குப் போகவும் ஏலாது, யாழ்ப்பாணப் பாதையை எப்ப பூட்டுவாங்களோ தெரியாது. ஆனபடியால் மிஸ், சனத்துக்கு விளக்கம் ஒண்டும் சொல்லாதேங்கோ. ரேடியோ, சிக்னல், சட்டலைட்... இந்தச் சொல்லுகள் உங்கட வாயில வரக் கூடாது."

எனக்கு அந்த நிமிஷம் வரை மறுபாதி மானியம்தான் கவலை. அதன் பிறகு அது இரண்டாம் கவலை ஆகிவிட்டது.

மறுநாள் காலை வட்டவளைப் பக்கம் புறப்பட்டோம். பாதி வழியில் சோதனைச் சாவடி. என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். சிவநேசனை மட்டும் இறங்கச் சொன்னார்கள். அவர் தேசிய அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு மழையில் நின்றார். குடை வேனுக்குள் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இராணுவக்காரர் பின்பக்கக் கதவைத் திறந்து உருளையைத் தட்டிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். சிவநேசனும் சிங்களத்தில் ஏதோ பதில் சொன்னார். கடைசியில் அந்த ஆள் சிரித்துவிட்டுக் கையை அசைத்தார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"இது என்ன எண்டார். ஒண்டுமில்லை, மழை பாக்கிற சாமான் எண்டன். வட்டவளையில மழை பெய்யுதோ எண்டு பாக்க மெசின் வேணுமோ, சன்னலைத் திற எண்டு சொல்லிச் சிரிக்கிறான்."

அவர் சட்டையைப் பிழிந்தார். பிழிந்த இடத்தையே மறுபடியும் பிழிந்தார்.

நாங்கள் போன தோட்டத்தில், ஆற்றைப் பார்த்த சரிவில், வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் லயத்து வீடுகள். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள லயத்தின் முதுகுக்கு நேர்மேலே மலை செங்குத்தாக ஏறியது. போன வருஷ மழையில் அங்கிருந்து மண் இறங்கிக் கடைசி வீட்டின் பின்சுவர் வரை வந்து நின்றிருந்தது. இன்னும் யாரும் அதை அள்ளவில்லை. துரை, அதாவது தோட்ட மேலாளர், சம்மதம் கொடுத்திருந்தார். தோட்டத் தலைவர் பெரியசாமி நாலு பேரைக் கூட்டி வந்து குழி வெட்டித் தந்தார்.

அந்தக் கடைசி வீட்டுக்காரி முத்துலெட்சுமி. கொழுந்து பறிக்கும் வேலை. அன்றைக்குக் காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் இருந்தவள், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நாங்கள் கம்பம் நட்டு முடிக்கும் வரை மழையிலேயே நின்றாள். வீட்டுக்குள் இருந்தால் குறையும் காய்ச்சல், வேடிக்கை பார்த்தால் குறையாதா என்ன! நடுவில் ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணி என்ற பால் விடாத தேநீரும் கொண்டுவந்தாள். கனமான கோதுமை ரொட்டி, நாக்கைச் சுடும் தேங்காய்ச் சம்பல். தேயிலைக்கு நடுவில் குடியிருக்கும் அவள் வீட்டுச் சாயத் தண்ணி, கோயம்புத்தூரில் பேருந்து நிலையத்தில் கிடைப்பதைவிடச் சுமார்தான். நல்லதெல்லாம் கப்பலேறிவிடும்.

"மிஸ், இது என்னாங்க செய்யும்?"

நான் சிவநேசனைப் பார்த்தேன். அவரே பதில் சொன்னார்.

"மலை சரியப் பாத்தால் முன்கூட்டியே சொல்லும்."

"மெய்யாவா?" அவள் தன் வீட்டுப் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டு மேலயா வச்சிருக்கீங்க! இதுக்கு நாங்க என்னாங்க செய்யணும்?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். இந்தக் கண்ணாடித் தகட்டுக்கு வெயில் பட வேணும், அதை மறைக்காதேங்கோ. மற்றபடி கவனமாப் பாத்தால் காணும். ஒருத்தருக்கும் இதைப் பற்றிக் கதைக்கவும் வேண்டாம்."

"நாங்க பாத்துக்கிறோம். நீங்க நிம்மதியாப் போங்க" என்றார் பெரியசாமி. நான் மிச்சக் கம்பியைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

அடுத்த நாளிலிருந்து சோதனை தொடங்கியது. நான் ஹற்றனில் ஒரு விடுதியில் அடைந்து கிடந்தேன். கீழே சாப்பாட்டுக்கடை. காலையில் இடியப்பமும் சொதியும், பிற்பகலில் சூடான உளுந்து வடை. கண்ணாடிப் பெட்டியில் முக்கோணமாக ஒன்று பார்த்து, சமோசா என்று கடித்தேன். உள்ளே மீன். எனக்கு ஆட்சேபணை இல்லை, இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டேன். கூரையில் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கண்டி ரோட்டில் எங்கோ மண் சரிந்து பஸ் நிற்கிறது என்று சாப்பிட வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கதிருக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் சூப்பரா வருதுங்க்கா. மணிக்கொருக்கா டாண்ணு வருது. பேட்டரி நல்லா இருக்குது. சாய்மானம் அப்படியே நிக்குது. மழை மட்டும் பூஜ்யமுங்க."

"பூஜ்யமா?"

"பூஜ்யமுங்க. அங்க வெயிலடிக்குதா?"

ஜன்னலுக்கு வெளியே தெருவில் கணுக்கால் தண்ணீர் ஓடியது. வட்டவளை பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். அங்கே ஒருவேளை பெய்யவில்லையோ என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். இலங்கையிலேயே அதிகம் நனையும் ஊர்களில் அது ஒன்று என்று நானே மனுவில் எழுதியது ஞாபகம் இருந்தது. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

இரண்டாம் நாளும் பூஜ்யம்.

சிவநேசனின் பட்டறைக்கு ஓடினேன். அவர் இன்னொரு உருளையைப் பிரித்து மேசையில் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தைகள் ஏறி விளையாடும் சீசா போல இரண்டு பக்கமும் ஆடும் சின்னக் கரண்டி ஒன்று இருக்கும். மழைத்தண்ணீர் நிரம்பினால் ஒரு பக்கம் கவிழும், மறுபக்கம் நிரம்பும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதுதான் மழைக் கணக்கு. அதை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லா ஆடுது மிஸ். அதுவும் ஆடும். கம்பி அறுந்திருக்குமோ? நான்தான் ஒட்டினனான். என்ர பிழையாத்தான் இருக்கும்."

"போய்ப் பார்த்துவிட்டு வரலாம்."

"தொடக் கூடாது எண்டு விதி. தொடாமல் பாக்கலாம் எண்டாலும், ரெண்டு தரம் மூண்டு தரம் அந்தப் பக்கம் போனால் சாவடியில என்ன கேப்பாங்கள்? இண்டைக்கும் பொலிசில இருந்து ஆள் வந்தவர். திட்டத்துக்கு இந்தியாவில இருந்து பெரிய ஆள் வாறார் எண்டன். வரட்டும், பாப்பம் எண்டிட்டுப் போயிட்டார்."

அவர் அதைச் சொல்லிவிட்டுத் திருகாணிகளைப் பொறுக்கி ஒரு சிரட்டையில் போட்டார். ஒன்று கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேரும் குனிந்து தேடினோம், கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. திருகாணிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ராவ் சார் வந்து சேர்ந்தார். ஹைதராபாத்காரர். ராக்கெட் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது மானியத் துறைக்கு மதிப்பீட்டாளர். சிரிப்பை வேலையோடு ஒப்படைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். சைவம். இரவுச் சாப்பாட்டில் தேங்காய்ச் சம்பலை வாயருகே கொண்டுபோனவரைச் சிவநேசன் பாய்ந்து தடுத்தார். அதில் மாசி என்ற கருவாட்டுத் தூள் இருந்தது. எங்கள் ஊரில் தேங்காய்ச் சட்னியில் மீன் இருக்குமோ என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ராவ் தட்டைத் தள்ளிவிட்டு வாழைப்பழம் சாப்பிட்டார்.

"மூன்று நாள் தகவலையும் பார்த்தேன். நல்ல இணைப்பு. ஆனால் இங்கே பெய்யும் மழை உங்கள் கருவிக்கு மட்டும் தெரியவில்லை" என்றார் ஆங்கிலத்தில். "காலையில் போய்ப் பார்ப்போம். மதியத்துக்கு மேல் நான் கொழும்புக்குக் கிளம்ப வேண்டும்."

சிவநேசன் எழுந்தார். வாழைப்பழத் தோலை எடுத்துப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

காலையில் மழை நின்றிருந்தது. வந்த நாள் முதல் நான் வேண்டிக்கொண்டிருந்த வெயில், வரக் கூடாத அன்றைக்கு வந்தது. மலைகள் எல்லாம் துலக்கிவைத்த மாதிரி தெரிந்தன. சாவடியில் அதே இராணுவக்காரர். சிவநேசனை இறங்கச் சொல்லி, அட்டையை வாங்கிக்கொண்டு, முன்னைவிட அதிக நேரம் நிற்கவைத்தார். ராவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவரை மட்டும் ஏன்?" என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத்தில் பெரியசாமி எங்களைக் கண்டதும் ஓடிவந்து முன்னால் நடந்தார். பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி சரசரவென்று இறங்கி வந்தாள், முத்துலெட்சுமி. முகமெல்லாம் பெருமை.

"பத்திரமா இருக்குங்க. ஒரு சொட்டுத் தண்ணி படல!"

மேட்டில் ஏறி நின்றதும் எங்களுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு திரும்பியதும் நிமிர்ந்து பார்த்தோம். எங்கள் மழைமானிக்கு மேலே ஒரு கூரை இருந்தது.

நாலு கம்பு நட்டு, அதன் மேல் ஒரு நெளிவுத் தகரம். காற்றில் பறக்காமல் இருக்கக் கம்பி போட்டுக் கட்டி, மேலே இரண்டு கல். சூரியத் தகட்டின் மேல் நிழல் விழாமல், ஆன்டெனா கம்பியில் இடிக்காமல், உருளையின் வாயை மட்டும் அவ்வளவு கச்சிதமாக மூடியிருந்தது. பக்கத்தில் ஈரமான ஊதுவத்திக் குச்சிகளும் இரண்டு செவ்வந்திப் பூக்களும் இருந்தன.

"கண்ணாடிக்கு வெயில் வேணும்னு சார் சொன்னாங்க, அத மூடல" என்றாள் முத்துலெட்சுமி. "இந்த வாய்தான் தெறந்து கெடந்துச்சு. மழ அப்புடியே உள்ள போவுது. மெசினுக்குள்ள தண்ணி பூந்தா கெட்டுப் போயிராதா? நீங்க போன அன்னைக்கே தலைவரக் கூப்புட்டுப் போட்டோம்."

சிவநேசன் தலையில் கை வைத்துக்கொண்டு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது மழையை அளக்கிற சாமான் பிள்ளை. மழை உள்ளுக்குப் போகத்தான் வாயைத் திறந்து வச்சனாங்கள்."

முத்துலெட்சுமியின் முகத்திலிருந்து பெருமை வடிந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சொல்லலியே" என்றாள் மெதுவாக. உண்மைதான். நாங்கள் சொல்லவில்லை. சொல்லப் பயந்து, சாவடிக்குப் பயந்து, எல்லாரையும் வாயை மூடச் சொன்னோம். அவர்கள் எங்கள் கருவியின் வாயையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

"அப்போ இது நனையணுமா?"

"நனைஞ்சாத்தான் வேலை செய்யும்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு 'பேர்' என்று பெயர். கொழுந்து குறைந்தால், மழைக்கு ஒதுங்கினால், அரைப்பேர்தான் போடுவார்கள். "அப்படின்னா எங்களாட்டம்தான். பாவம், இத்தன நாளும் இதுக்கு அரப்பேரு கூட விழுந்திருக்காதே!" என்றாள்.

பெரியசாமி வெடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிவநேசன் சிரிக்கவில்லை. ராவ் என்னவென்று கேட்க, நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அவரும் சிரிக்கவில்லை. குனிந்து தகரத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அது புகையேறிக் கறுத்திருந்தது.

"இந்தத் தகரம் எங்கிருந்து வந்தது?"

பெரியசாமி முத்துலெட்சுமியைப் பார்த்தார். அவள் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள்.

"அது... எங்க அடுப்படித் தகரமுங்க. வேற எங்கயும் நல்ல தகரம் கெடைக்கல. மத்ததெல்லாம் ஓட்ட. இது மெசினுக்குப் போடற மாதிரி இருந்துச்சு. மல வந்தா அடுப்படி இருந்து என்னாத்துக்கு?"

எல்லாரும் இறங்கி அவள் வீட்டுக்குப் போனோம். குனிந்துதான் நுழைய வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வானம் தெரிந்தது, அன்றைக்குப் பார்த்து நல்ல நீலத்தில். அடுப்பு ஈரம். விறகை மற்ற அறைக்குள் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள். ஓட்டைக்கு நேர் கீழே ஒரு பெரிய அலுமினியச் சட்டி, விளிம்பு வரை தண்ணீர். எங்கள் கருவி பூஜ்யம் பூஜ்யம் என்று வானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் மழை இங்கே விழுந்திருக்கிறது. காய்ச்சலோடு இருந்தவள் இதற்குள் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேட விருப்பமில்லை.

ராவ் வெளியே வந்து நின்றார்.

"விதியைச் சொல்கிறேன்" என்றார். "தொடர்ச்சியான தகவல் கேட்டோம். வந்திருக்கிறது. கூரைக்கடியில் மழை பூஜ்யம் என்பதும் சரியான தகவல்தான், உங்கள் கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் விழுந்தால் அது அளக்கும் என்பதை நான் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது."

எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். ஒரு மேகம் இல்லை. சிவநேசனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அவ்ளோதானா?" என்றார் பெரியசாமி. "பீலித் தண்ணி ஒரு வாளி கொண்டாந்து ஊத்திருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

பயந்துகொண்டேதான் மொழிபெயர்த்தேன். ராவ் கோபப்படவில்லை. "ஆய்வகத்திலும் அதைத்தான் செய்வோம். ஒளித்துச் செய்ய மாட்டோம், அதுதான் வித்தியாசம்" என்று சொல்லித் தன் பையிலிருந்து கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்தார். "அளந்து, நிதானமாக ஊற்ற வேண்டும். சுத்தமான தண்ணீர் கிடைக்குமா?"

பீலி, அதாவது மலைத்தண்ணீரைக் குழாயில் இறக்கிவிட்டிருக்கும் இடம், லயத்தின் மறுகோடியில் இருந்தது. பெரியசாமி கிளம்புவதற்குள் முத்துலெட்சுமி உள்ளே போய்விட்டாள். சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"மழத் தண்ணிக்கு மழத் தண்ணியே இருக்கட்டுமே. கரி கெடக்கும், வடிச்சித் தாரேன்."

தேயிலை வடிகட்டும் துணியில் அதை வடித்தாள். கூரைக்கரி துணியில் நின்றது. பெரியசாமி தகரத்தை அவிழ்த்தார். ராவ் குவளையில் அளந்து கொடுக்க, சிவநேசன் உருளையின் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். கை நடுங்குகிறது என்று அவர் என்னிடம் நீட்ட, நான் வாங்கினேன். என் கை அவருடையதைவிட மோசம். கடைசியில் முத்துலெட்சுமிதான் ஊற்றினாள். காது வைத்துக் கேட்டோம். டிக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டிக். ராவ் ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டார்.

இனிமேல் அடுத்த மணி வரை காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைப்பது கோயில் வளைவில் மட்டும்தான். மாரியம்மன் கோயில் சுவரோரம் எல்லாரும் நின்றோம். வேலை முடியாத பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர்களை வேலை வாங்கும் கங்காணி சத்தம் போட்டுவிட்டு, பிறகு அவரும் வந்து நின்றார். சிவநேசன் கோயிலுக்குள் போகவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றார். கம்பி அறுந்திருந்தால் ஊற்றிய தண்ணீர் உருளைக்குள்ளேயே செத்தது. அவர் ஒட்டிய கம்பி.

போன் அடித்தது.

"அக்கா! மழை வந்துருச்சுங்க்கா! பன்னெண்டு டிக்!"

ராவிடம் திரும்பினேன். அவர் குறிப்பேட்டுக் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பன்னிரண்டு" என்றார். சிவநேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அழுதார், மறைக்காமல், எல்லார் முன்னாலும்.

"அங்க செம மழையாக்கா?" என்று கதிர் கத்திக்கொண்டிருந்தான். வெயிலில் கண் கூச நின்றுகொண்டு, முத்துலெட்சுமியின் காலிச் சட்டியைப் பார்த்தேன்.

"ஆமாம்டா. நாலு நாளாப் பெய்யுது" என்றேன்.

அதன் பிறகு ராவின் பயணத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. தகரத்தை அவள் கூரையில் திரும்பப் போட்டோம். சிவநேசன்தான் மேலே ஏறினார். பெரியசாமி ஏணியைப் பிடிக்க, ராக்கெட் தளத்துக்காரர் ஆணி எடுத்துக் கொடுத்தார். கூரை மேலிருந்து இறங்காமலேயே சிவநேசன் லயத்துச் சனம் மொத்தத்துக்கும் பாடம் நடத்தினார். மழை எப்படி அளக்கப்படுகிறது, மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கும், சட்டலைட் என்றால் என்ன, எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். ரேடியோ என்ற சொல்லை அவர் உரக்கச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாவடியில் அதே இராணுவக்காரர், இறங்கச் சொல்லி அதே சைகை. சிவநேசன் இறங்கி அட்டையோடு நின்றார். நான் குடையைத் தேடுவதற்குள் ராவ் கதவைத் திறந்து இறங்கி, தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். தன் தோள் நனைவதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"உன் மெஷினில் மழை விழுந்ததா?" என்று இராணுவக்காரர் கேலியாகக் கேட்டதாகச் சிவநேசன் பிறகு சொன்னார். இந்த முறை அவர் 'ஒன்றுமில்லை' என்று சொல்லவில்லை. கையை ஆட்டி ஆட்டிச் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. இராணுவக்காரரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நான் கம்பளிச் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோய்விடுவார்களோ என்றுதான் நினைத்தேன்.

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். சிவநேசன் ஒரு சொல்லில் பதில் சொன்னார். வேனில் ஏறியதும் நான் என்னவென்று கேட்டேன். வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் சொன்னார்.

"இதையெல்லாம் அந்த லயத்தில இருக்கிற சனத்துக்குச் சொன்னியோ எண்டு கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"இண்டைக்குத்தான் எண்டன்."